கால் மில்லிமீட்டர் நீளும் இரும்பு

“ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார்” என்று மெக்கானிக் சொன்னதும் கார்க்காரர் முதலில் கேட்பது, “எவ்வளவு ஆகும்?” அடுத்தது, “கம்பெனி கேஸ்கெட் போடுவீங்களா, வெளியில வாங்கியதா?” இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் செலவழிக்கும் பணம் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்பவர் அபூர்வம்: “போல்ட்டை எந்த முறையில் முறுக்குவீங்க?” கேஸ்கெட் என்பது ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள ஓட்டைத் தகடு. மொத்த பில்லில் அதன் விலை சிறு பங்குதான். இன்ஜினின் மேல்பாதியைக் கழற்றி, டைமிங் பெல்ட்டையோ செயினையோ அவிழ்த்து, ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி வாங்கி, மறுபடி எல்லாவற்றையும் பூட்டும் கூலிதான் பெரிது. அந்தக் கூலி முழுவதும் பலிப்பதும் வீணாவதும், ஹெட்டைத் திரும்ப உட்கார வைத்துப் பத்துப் போல்ட்டுகளை முறுக்கும் கடைசி அரைமணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. ஏனென்றால் இன்ஜினைக் கசியாமல் காப்பது கேஸ்கெட்டின் மேல் விழும் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தருவது போல்ட்டின் நீட்சி. அந்த நீட்சி எவ்வளவு என்பதை எந்தக் கையாலும் உணர முடியாது. தயாரிப்பாளரின் கையேட்டில் எழுதியிருக்கும் முறுக்கும் முறையைச் சடங்கென்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

இன்ஜினின் கீழ்ப்பாதி சிலிண்டர் பிளாக். பிஸ்டன்கள் ஏறி இறங்குவது அதில். மேல்பாதி சிலிண்டர் ஹெட். வால்வுகள் அதில் இருக்கின்றன. இரண்டும் சந்திக்கும் சமதளத்தின் வழியே கூலண்டும் ஆயிலும் கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் போய்வருகின்றன. பக்கத்திலேயே எரியும் வாயு சிறைப்பட்டிருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கேஸ்கெட்டின் வேலை. கேஸ்கெட் என்ற இந்த வேலி உடைந்தால் எந்த இடத்தில் உடைந்தது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். கூலண்ட் சிலிண்டருக்குள் நுழைந்தால் சைலன்சரில் அடங்காத வெள்ளைப் புகை. வாயு கூலண்டுக்குள் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழிகள். ஆயிலும் கூலண்டும் கலந்தால் ஆயில் மூடியில் பால்காப்பி நிறத்தில் ஒரு பசை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களுக்கு நடுவே எரிந்து போனால் இரண்டிலும் கம்ப்ரெஷன் குறைவு. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே வருவது இவற்றில் பலவற்றுக்கு முன்னோடி.

அந்த வேலி தாங்கவேண்டிய பாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண பெட்ரோல் இன்ஜினில் எரியும் கணத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 60 மடங்குக்கு எளிதில் எழும். இன்றைய டீசல் இன்ஜின்களில் அது 150 மடங்கையும் தாண்டும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் 60 மடங்கு அழுத்தம் என்றால், ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கும் விசை ஏறத்தாழ 3 டன். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்தத் தூக்கல் நிமிடத்துக்கு 1,000 முறை நடக்கிறது. இதற்கு எதிராக நிற்பவை, நான்கு சிலிண்டர் இன்ஜினில் வழக்கமாகப் பத்துப் போல்ட்டுகள். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உயர்தர எஃகுப் போல்ட் ஒன்றைச் சரியாக முறுக்கினால் அது சுமார் 4 டன் விசையோடு ஹெட்டைப் பிளாக்கோடு பிடித்து அழுத்தும். பத்தும் சேர்ந்தால் 40 டன். சிறிய கார்கள் நாற்பதை ஹெட்டின் மேல் அடுக்கிய பாரம். மூன்று டன்னை அடக்க நாற்பது டன் எதற்கு என்று தோன்றலாம். கேஸ்கெட்டின் ஒவ்வொரு துளையைச் சுற்றியும், ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும், மிச்ச அழுத்தம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். போல்ட்டில் முன்கூட்டியே ஏற்றிவைத்த இழுவிசை போதுமானதாக இருந்தால் வெடிப்பின் விசையைப் போல்ட் பெரும்பாலும் உணர்வதே இல்லை. போதாமல் போனால் ஒவ்வொரு வெடிப்பிலும் போல்ட் இழுபட்டுத் தளர்ந்து, கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோல் களைத்துவிடும்.

இங்கேதான் போல்ட்டைப் பற்றிய நம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. போல்ட்டை ஆணியின் உறவினன் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஸ்பிரிங்கின் உறவினன். இழுக்கும் விசைக்கு ஏற்ப ஸ்பிரிங் நீளும் என்பதை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். எஃகுப் போல்ட்டுக்கும் அதே விதிதான். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட் போல்ட்டைச் சரியாக முறுக்கும்போது அது கால் மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் இடையே நீள்கிறது. நீண்ட இரும்பு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த முயற்சிதான் ஹெட்டை அழுத்துகிறது. ஆக, ‘டைட்டாக இருக்கிறது’ என்று நாம் சொல்வதன் உண்மையான பொருள், ‘இவ்வளவு நீண்டிருக்கிறது’ என்பதே. நாம் அளக்க விரும்புவது நீட்சியை. ஆனால் ஸ்பேனர் பிடித்த கைக்குக் கிடைப்பது சுழற்றுவதற்கு எதிர்ப்பு மட்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதில்தான் இந்த வேலையின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

போல்ட்டைச் சுழற்ற நாம் செலுத்தும் முறுக்குவிசையை நூறு பங்காக வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய ஐம்பது பங்கு போல்ட்டின் தலை தனக்குக் கீழுள்ள பரப்பில் உரசுவதில் போய்விடுகிறது. நாற்பது பங்கு மரைகள் ஒன்றோடொன்று உரசுவதில் கரைகிறது. இரும்பை நீட்டும் வேலைக்குக் கிடைப்பது சுமார் பத்துப் பங்குதான். பொறியியல் துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு இது. உரசல் மாறினால் விளைவும் மாறும். காய்ந்த மரையில் கிடைக்கும் இழுவிசையைவிட, எண்ணெய் தடவிய மரையில் அதே முறுக்குவிசைக்கு மூன்றில் ஒரு பங்குகூட அதிகமாகக் கிடைக்கலாம். துருவும் பழைய கசடும் ஒட்டிய மரையில் நேர்மாறாக நடக்கும்: முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சத்தம் போடும், போல்ட்டோ போதிய அளவு நீண்டிருக்காது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும், முறுக்குவிசையை மட்டும் நம்பி முறுக்கும்போது போல்ட்டுக்குப் போல்ட் இழுவிசை 25 முதல் 30 சதவீதம் வரை மேலும் கீழும் போகும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. ஆகவேதான் கையேடுகள் மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் லேசாக இன்ஜின் ஆயில் தடவு என்றோ, தடவாதே என்றோ தெளிவாகச் சொல்கின்றன. அந்த ஒரு வரியை மாற்றினால், அடுத்த வரியில் உள்ள எண்ணுக்குப் பொருளே மாறிவிடும்.

இந்தக் குறையைக் கண்ட பொறியாளர்கள் உரசலைத் தவிர்த்து அளக்க ஒரு வழி கண்டார்கள். மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால், போல்ட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது அது 1.5 மில்லிமீட்டர் இறங்கியே ஆகவேண்டும். கால் சுற்றுக்கு 0.375 மில்லிமீட்டர். மரை காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எனவே முதலில் ஒரு சிறிய முறுக்குவிசையால் எல்லாப் போல்ட்டுகளையும் உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகு ‘இத்தனை டிகிரி’ என்று கோணத்தால் சுற்றுவது இன்றைய முறை. பிழை முதல் கட்டத்தில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டமோ மொத்தத்தில் சிறியது. பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1980களின் இறுதியில் கொண்டுவந்த கே-சீரிஸ் இன்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பத்துப் போல்ட்டுகள் ஹெட்டில் நுழைந்து, பிளாக்கை முழுவதும் ஊடுருவி, அடிப்பகுதிவரை போகும் நீளப் போல்ட்டுகள். அவற்றுக்கான விதி: முதலில் 20 நியூட்டன் மீட்டர், பிறகு 180 டிகிரி, பிறகு மறுபடி 180 டிகிரி. 20 நியூட்டன் மீட்டர் என்பது கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 8 கிலோ பாரத்தைத் தொங்கவிடுவதற்குச் சமம். ஒரு சிறுவனும் கொடுக்கக்கூடிய விசை. மிச்ச வேலை அனைத்தையும் அந்த ஒரு முழுச் சுற்று செய்கிறது. நீளப் போல்ட்டுக்கு நீட்சி அதிகம் வேண்டும், அதனால் சுற்றும் அதிகம். கோணத்தை அளக்க விலையுயர்ந்த கருவிகூடத் தேவையில்லை. போல்ட் தலையில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டால் போதும்.

வரிசையும் கட்டங்களும் இதே காரணத்திலிருந்துதான் பிறக்கின்றன. கைபேசித் திரைக்கு மேலுறை ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரங்களுக்குத் தடவுகிறோம். ஓரத்தை முதலில் ஒட்டினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். ஹெட்டும் அப்படியே. நடுப் போல்ட்டுகளில் தொடங்கி, இரு பக்கமும் மாறிமாறி, சுழல்போல வெளியே போக வேண்டும். ஒரு முனையை முதலில் முழுவதும் இறுக்கிவிட்டால் ஹெட் மெல்ல வளைந்து, மறுமுனையில் கேஸ்கெட்டின் ஒரு பகுதி அழுத்தம் இல்லாமல் நின்றுவிடும். ஒரு போல்ட்டை இறுக்கும்போது பக்கத்துப் போல்ட் கொஞ்சம் தளரும் என்பதால்தான் ஒரே மூச்சில் முடிக்காமல் இரண்டு மூன்று கட்டங்களாக ஏற்றுகிறார்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை: ஓரத்திலிருந்து நடுவுக்கு, அதுவும் இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு. சூடான அலுமினிய ஹெட்டைத் தாறுமாறாகக் கழற்றினால் அது கோணிக்கொள்ளும். ரெஞ்சை இழுக்கும்போதும் ஒரே சீராக இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தி மீண்டும் இழுத்தால், நின்ற மரையை அசைக்கக் கூடுதல் விசை வேண்டியிருப்பதால், போல்ட் நகராமலே ரெஞ்ச் சத்தம் போட்டுவிடும்.

முறுக்குவதற்கு முந்தைய வேலைகளும் இழுவிசையின் கணக்கில்தான் வந்து சேர்கின்றன. இரும்புப் பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கும் இன்ஜின்களில், சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. 40 சென்டிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி கூடுதலாகச் சூடானால் அது பிளாக்கைவிடச் சுமார் 0.4 மில்லிமீட்டர் அதிகமாக நீளப் பார்க்கும். நடுவில் மாட்டிய கேஸ்கெட் ஒவ்வொரு முறை வண்டி கிளம்பி நிற்கும்போதும் இந்த உரசலைத் தாங்க வேண்டும். ஸ்டீல் தகடுகளை அடுக்கி மெல்லிய ரப்பர் பூச்சுக் கொடுத்த இன்றைய கேஸ்கெட்டுகள் இதற்காகவே வந்தவை. ஆனால் அவற்றுக்கு வழவழப்பான சமதளம் வேண்டும். ஹெட்டின் வளைவு பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. நேர்ச்சட்டத்தையும் ஃபீலர் கேஜையும் வைத்து அளக்காமல் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமல்ல இது. பழைய கேஸ்கெட்டின் கசடை அரைக்கும் தட்டு மாட்டிய கிரைண்டரால் தேய்ப்பது வேகமான வழி. ஆனால் அது தளத்தில் பள்ளம் போடும், உதிரும் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். போல்ட் இறங்கும் குழிகளில் அடி மூடியவை உண்டு. அதில் ஆயிலோ கூலண்டோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது திரவம் அமுங்க மறுத்துப் பிளாக்கையே பிளக்கும். பிளக்காவிட்டாலும், ரெஞ்ச் காட்டும் எதிர்ப்பு தேங்கிய திரவத்தினுடையதாக இருக்கும்; போல்ட் நீண்டிருக்காது.

இதற்கெல்லாம் பட்டறைகளில் ஒரு மறுப்பு உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. “முப்பது வருஷமா டார்க் ரெஞ்ச் இல்லாமத்தான் ஹெட் ஏத்துறோம். எந்த வண்டி திரும்பி வந்தது?” இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அது எந்த இன்ஜினுக்கு உண்மை என்று பார்க்க வேண்டும். அம்பாசடர் காரில் பல ஆண்டுகள் ஓடிய பழைய பிரிட்டிஷ் வடிவ இன்ஜினில் பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு; இரண்டும் ஒன்றுபோல விரியும். கம்ப்ரெஷன் குறைவு. கேஸ்கெட் தடிமனானது, மேடுபள்ளத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி இறுக்குவது வழக்கமாகவே இருந்தது. அதாவது அந்த வடிவமைப்பே கைப்பிழைக்கு இடம் விட்டிருந்தது. அந்தக் கைகளின் திறமையில் குறையில்லை. அலுமினிய ஹெட்டும் ஸ்டீல் அடுக்குக் கேஸ்கெட்டும் வந்தபோது அந்த இடம் சுருங்கிவிட்டது. மறுபடி இறுக்கும் வழக்கமும் பெரும்பாலும் போய்விட்டது. முதல் முறையே சரியாக இருந்தாக வேண்டும். மேலும், எவ்வளவு பழகிய கையானாலும் அது உணர்வது உரசலை. நூறில் தொண்ணூறு பங்கை உணரும் கை, மிச்சப் பத்தை எப்படிப் பிரித்தறியும்?

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது: “பழைய போல்ட் நல்லாத்தானே இருக்கு, புதுசு எதுக்கு?” பல நவீன இன்ஜின்களில் போல்ட்டுகளை அவற்றின் மீள்மை எல்லையைத் தொடும்வரை, சற்றுத் தாண்டியும், நீட்டுகிறார்கள். அந்த எல்லையில் ஒரு வசதி இருக்கிறது: கோணத்தில் நாலைந்து டிகிரி பிசகினாலும் இழுவிசை அதிகம் மாறாது, அதனால் பத்துப் போல்ட்டும் ஏறக்குறைய ஒரே விசையில் பிடிக்கும். அதற்கு விலை, போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடுவது. அதே போல்ட்டை மறுபடி நீட்டினால் அது மெலிந்து, ஒன்று போதிய விசை தராது, அல்லது முறிந்து பிளாக்குக்குள் தங்கிவிடும். முறிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுக்கும் செலவு புதுப் போல்ட் செட்டின் விலையைப் பல மடங்கு தாண்டும். எல்லா இன்ஜினுக்கும் இது பொருந்தாது என்பதும் உண்மை. சில தயாரிப்பாளர்கள் போல்ட்டின் நீளத்தையோ கழுத்தின் விட்டத்தையோ அளந்து, குறித்த வரம்புக்குள் இருந்தால் மறுபடி போட அனுமதிக்கிறார்கள். அளந்து பார்த்துப் பழையதைப் போடுவது தவறில்லை. ‘நல்லாத்தான் இருக்கு’ என்று போடுவதுதான் தவறு. “கொஞ்சம் அதிகமா இறுக்கினா இன்னும் பாதுகாப்புதானே” என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. எல்லையைத் தாண்டிய பிறகு கூடுவது நீட்சிதான், பிடிப்பு அல்ல. அலுமினியப் பிளாக்காக இருந்தால் மரையே பெயர்ந்து வந்துவிடும்.

கனமான மறுப்பு இன்னொன்று: கேஸ்கெட் போவதற்குக் காரணம் பெரும்பாலும் போல்ட் இல்லையே, ஓவர்ஹீட்தானே? ஆம். தெர்மோஸ்டாட் சிக்கிக்கொள்வது, வாட்டர் பம்ப் தேய்வது, ஃபேன் ஓடாமல் போவது, கூலண்டுக்குப் பதில் ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ரேடியேட்டர் அடைத்துக்கொள்வது ஆகியவற்றைச் சரிசெய்யாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் அது மறுபடி போகும். மேலே சொன்ன ரோவர் இன்ஜினே சாட்சி. போல்ட் முறை துல்லியமாக இருந்தும் அந்த இன்ஜின் ஹெட் கேஸ்கெட் பழுதுக்குப் பேர்போனதாயிற்று. குறைந்த கூலண்ட், தெர்மோஸ்டாட் இருந்த இடம், ஹெட்டை நகராமல் வைக்கவேண்டிய பிளாஸ்டிக் ஊசிகள் எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. பின்னர் ஊசிகள் எஃகுக்கு மாறின, கேஸ்கெட்டும் ஸ்டீல் அடுக்காக மாறியது. ஆனால் இந்த உண்மை என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை. சூடு கேஸ்கெட்டைக் கெடுப்பது ஹெட்டை வளைத்தும், விரித்துச் சுருக்கியும், அழுத்தத்தை இடத்துக்கு இடம் மாற்றுவதால்தான். பிளாஸ்டிக் ஊசி செய்த கெடுதலும் ஹெட்டை நகரவிட்டதுதான். எல்லா வழிகளும் அழுத்தம் சீராக இருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன. சூட்டின் காரணத்தை நீக்குவது அழுத்தம் இனிக் கெடாமல் காக்கும். போல்ட்டைச் சரியாக முறுக்குவது அழுத்தத்தை முதலில் உண்டாக்கும். ஒன்று இல்லாமல் மற்றொன்று நிற்காது.

கார் வைத்திருப்பவர் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சில கேள்விகளைக் கேட்டால் போதும். கேஸ்கெட்தான் போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? கூலண்டில் எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மாறிக் காட்டும் திரவச் சோதனை இருக்கிறது. கம்ப்ரெஷன் சோதனை இருக்கிறது. எதனால் சூடேறியது, அது சரியாகிவிட்டதா? ஹெட்டின் வளைவு எவ்வளவு வந்தது? போல்ட் புதிதா, பழையதானால் அளந்தீர்களா? இந்த இன்ஜினுக்கு முறுக்கு எண்ணும் கோணமும் என்ன? கடைசிக் கேள்விக்கு மெக்கானிக் நினைவிலிருந்து பதில் சொன்னால் நமக்கு நம்பிக்கை வருகிறது. “இருங்க, பார்த்துச் சொல்றேன்” என்று கையேட்டைத் தேடினால், இவருக்கு வேலை தெரியாதோ என்று சந்தேகம் வருகிறது. இந்தச் சந்தேகத்தைத்தான் நாம் முதலில் கழற்றி வைக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் நீட்சியைக் கண்ணாலும் காண முடியாது, கையாலும் உணர முடியாது என்று தெரிந்தவர்தான் புத்தகத்தைத் திறக்கிறார்.